அண்டை வீட்டாரும் ஆய்வாளரே

நாளிதழ்களின் உள்பக்கங்களில் அடிக்கடி ஒரு செய்தியைக் காண்கிறோம். தீராத வயிற்றுவலியால் அவதியுற்று வந்த இன்னார் தம் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதே அது. ஊர் மாறும், பெயர் மாறும், வயதும் மாறும். வயிற்றுவலி மட்டும் மாறுவதில்லை. நோயின் வேதனை தாங்காமல் மடிந்தோர் உண்மையாகவே உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த ஒரு சொல்லுக்குள் கடன் தொல்லையும், குடிப்பழக்கமும், கணவன் மனைவிப் பிணக்கும், தேர்வுத் தோல்வியும், எவரும் கண்டறியாத மனநோயும் மறைந்து கிடக்கின்றன என்பதைக் கிராமத்தில் வாழ்ந்தோர் அனைவரும் அறிவர்.

கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகில் அமைந்த வடக்கனந்தலில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். முப்பதாண்டுகளுக்கு மேலாக இவ்வட்டாரத்தில் எத்தனையோ துக்க வீடுகளுக்குச் சென்றிருக்கிறேன். அவற்றுள் சில வீடுகளில் மட்டும் அழுகுரலே அடங்கி ஒலிக்கும். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாரார். 'திடீரென்று நெஞ்சு வலித்ததாம்' என்று ஒருவர் சொல்வார், மற்றவர் தலையசைப்பார். இருவருக்கும் உண்மை தெரியும்.

ஏன் இந்த மறைப்பு? காவல் நிலையம் செல்ல வேண்டுமே என்ற அச்சம் ஒன்று. பிணப் பரிசோதனையில் உடல் சிதைக்கப்படுமே என்ற வேதனை மற்றொன்று. வீட்டில் திருமணத்திற்குக் காத்திருக்கும் தங்கையின் எதிர்காலம் மூன்றாவது. நம் கத்தோலிக்கக் குடும்பங்களிலோ நான்காவதாக ஒன்று உண்டு: கோயிலில் மணி அடிப்பார்களா, கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்குமா என்ற ஏக்கம். இறந்தவர் மீதுள்ள அன்பினாலேயே குடும்பத்தார் பொய் சொல்கின்றனர். அவர்களைக் குறை கூற யாருக்கு மனம் வரும்? ஆனால் அடுத்த உயிரைக் காக்க விரும்பும் மருத்துவரின் கையில் எஞ்சுவது அந்தப் பொய் ஒன்றுதானே! நோயின் பெயரையே மாற்றிச் சொல்லிவிட்டால் மருந்தை எவ்வாறு தேடுவது?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களுள் தமிழ்நாட்டினர் மட்டும் 19,834 பேர். நாடு முழுவதும் இவ்வாறு இறந்தோரில் நால்வருக்கு ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். இது காவல் நிலையங்களில் பதிவான கணக்கு. பதிவாகாமற் போனவற்றின் கணக்கை யார் எடுப்பது?

இவ்வினாவிற்கு வேலூரில் ஒரு விடை கிடைத்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, கணியம்பாடி ஒன்றியத்தின் கிராமங்களில் நெடுங்காலமாகச் சுகாதாரப் பணி ஆற்றி வருகிறது. ஊருக்கு ஊர் அவ்வூரிலேயே வாழும் சுகாதாரப் பணியாளர் உண்டு. பிறப்பும் இறப்பும் முதலில் அவருக்கே தெரியும். ஏறத்தாழ ஒரு லட்சத்து எட்டாயிரம் மக்கள் வாழும் அப்பகுதியில் 1994 முதல் 1999 வரை நேர்ந்த இறப்புகளை, காவல் துறைக் குறிப்புகளைச் சாராமல், குடும்பத்தாரிடமும் அண்டை அயலாரிடமும் பரிவுடன் கேட்டறிந்து பதிவு செய்தனர். ஆண்டுதோறும் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 95 பேர் தற்கொலையால் இறந்தது தெரிய வந்தது. நாட்டின் அதிகாரபூர்வக் கணக்கைப்போல் இது எட்டு ஒன்பது மடங்கு! 2004-இல் அதே பகுதியைப் பற்றி வெளியான மற்றோர் ஆய்வு, பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ள இளையோரைப் பற்றிக் கூறியது இன்னும் கொடியது. லட்சம் பெண் பிள்ளைகளுக்கு 148, லட்சம் ஆண் பிள்ளைகளுக்கு 58 என்னும் அளவில் அம்மரணங்கள் நிகழ்ந்திருந்தன.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். வேலூர் மக்கள் பிற ஊரார்போல் உண்மையை மறைக்கவில்லையா? மறைத்திருப்பார்கள், காக்கிச் சட்டைக்கு முன்னும் கச்சேரிக்கு முன்னும் மறைத்திருப்பார்கள். தம் குழந்தைக்குத் தடுப்பூசி போட அழைத்துச் சென்ற அதே ஊர்ப் பெண் வந்து திண்ணையில் அமர்ந்து கேட்டபோது, மனம் திறந்து பேசினார்கள். எவ்வளவு பெரிய கருவியாலும் அளக்க முடியாததை, நம்பிக்கைக்குரிய ஓர் அண்டை வீட்டாரின் காது அளந்துவிட்டது.

தற்கொலைத் தடுப்பைப் பற்றிய ஆராய்ச்சி என்றால் நகரத்து மருத்துவமனையில் பேராசிரியர்கள் செய்வது என்று நாம் நினைப்பதுண்டு. கடந்த சில பத்தாண்டுகளாக இத்துறை வேறு திசையில் நடக்கத் தொடங்கியிருக்கிறது. விவசாயியும், இல்லத்தரசியும், அகதியும், சாவின் விளிம்பு வரை சென்று மீண்டவரும் அதில் பங்காளிகளாகச் சேர்க்கப்படுகின்றனர். இவர்களைச் சேர்த்துக்கொண்டபோதுதான் உயிர்கள் பிழைத்தன என்பதற்கு நம் தமிழ் மண்ணிலேயே சான்றுகள் உள்ளன.

நம் ஊர்ப்பக்கம் கரும்பு, நெல், மக்காச்சோளம், மரவள்ளி ஆகியன விளைகின்றன. பூச்சிமருந்து இல்லாத விவசாய வீடு அரிது. விஷத்தை 'மருந்து' என்றே அழைத்துப் பழகிவிட்டோம். என் பழைய மாணவர் ஒருவரிடம், பிள்ளைகள் புழங்கும் வீட்டில் இதை ஏன் வைத்திருக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். 'டீச்சரம்மா, விலை என்ன விற்கிறது தெரியுமா? கொட்டகையில் வைத்தால் மறுநாள் இருக்குமா? வேறே எங்கே கொண்டுபோய் வைக்கச் சொல்கிறீர்கள்?' என்றார். நியாயமான கேள்வி. ஆத்திரத்திலோ வேதனையிலோ எழும் சாவெண்ணம் பெரும்பாலும் நெடுநேரம் நிலைப்பதில்லை; சில மணி நேரத்தில், சில வேளைகளில் நிமிடங்களில், தணிந்துவிடுகிறது என்பர் அறிஞர். அந்தச் சிறு பொழுதில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இருக்கிறதா இல்லையா என்பதே பல வேளைகளில் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கிறது.

என் மாணவர் கேட்ட கேள்விக்குக் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் ஒரு விடை தேடப்பட்டது. சென்னையில் 1986-ஆம் ஆண்டு 'சினேகா' என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர்தம் குழுவினரும் அங்கே நான்கு கிராமங்களைத் தேர்ந்தெடுத்தனர். இரண்டு கிராமங்களில் ஊருக்குப் பொதுவான பூச்சிமருந்துக் காப்பறை ஒன்று கட்டப்பட்டது. வங்கியில் நகை வைக்கும் பெட்டகம்போல் விவசாயி ஒவ்வொருவருக்கும் பூட்டுள்ள பெட்டி. அறைக்குப் பொறுப்பாளர் உண்டு. வேண்டும்போது எடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வைக்கலாம். மற்ற இரண்டு கிராமங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இருந்தபடியே விடப்பட்டன. 2013-இல் இவ்வாய்வின் முடிவு வெளியாயிற்று. காப்பறை இருந்த ஊர்களில் பூச்சிமருந்தால் நேர்ந்த இறப்பும் முயற்சியும் குறைந்திருந்தன. நான்கே ஊர்களில் நடந்த சிறு முயற்சி ஆதலின், இது இயலும் என்று காட்டும் சோதனையே என ஆய்வாளர்கள் அடக்கத்துடன் குறித்தனர். ஆயினும் விவசாயிகள் தாமே முன்வந்து பயன்படுத்தாவிடில் அந்த அறை வெறும் கட்டடமாக நின்றிருக்கும் அன்றோ?

உண்மையைத் தேடுவோர் தோல்வியையும் மறைக்கலாகாது. இலங்கையில் அனுராதபுரம் பகுதியின் 180 கிராமங்களில், ஐம்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை உட்படுத்திய பேராய்வு ஒன்று நடைபெற்றது. பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுள்ள பெட்டி வழங்கினர். 2017-இல் முடிவு வெளியானது: பெட்டி பெற்ற கிராமங்களுக்கும் பெறாத கிராமங்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. வீட்டிலேயே பெட்டி, வீட்டிலேயே சாவி என்றால் அங்கே தடை எங்கே இருக்கிறது என்று என் எளிய அறிவுக்குத் தோன்றுகிறது. ஊர்ப் பொதுவிடத்தில் வைப்பதற்கும் வீட்டுக்குள் பூட்டுவதற்கும் உள்ள வேற்றுமை அதுவே போலும்.

அதே இலங்கையில் வேறொன்று பெரும் பயன் தந்தது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அந்நாட்டு அரசு 1984, 1995, 1998 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் படிப்படியாகத் தடை செய்தது. 1995-இல் உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்றாக இருந்த தற்கொலை விகிதம், 2015-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. அந்த இருபதாண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். விளைச்சல் குறையுமோ என்று அஞ்சினர். அத்தகைய வீழ்ச்சி காணப்படவில்லை. இந்திய அரசும் 2022 நவம்பரில் தேசியத் தற்கொலைத் தடுப்புத் திட்டத்தை வெளியிட்டது. 2030-க்குள் இறப்புகளைப் பத்து விழுக்காடு குறைப்பது அதன் குறிக்கோள்.

விஷத்தை அகற்றுவது பாதி வேலை. மனிதரை அணுகுவது மறுபாதி. எங்கள் தெருவில் பிழைத்து மீண்ட பெண் ஒருவர் உண்டு. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் பல நாட்கள் அவர் வாசலுக்கே வரவில்லை. ஒருநாள் நான் சென்றபோது அவர் சொன்னார்: 'ஏன் இப்படிச் செய்தாய் என்று ஊரே கேட்டது அக்கா. இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.' பின்னர் அவ்வப்போது சென்று வந்தேன். பேசியது பெரும்பாலும் ஆடு, மாடு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைப் பற்றித்தான். இன்று அவர் மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறார்.

இத்தகைய எளிய சந்திப்புக்கும் ஆராய்ச்சிச் சான்று உண்டு என்று அறிந்தபோது வியந்தேன். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நாடுகளின் ஐந்து நகரங்களில் ஓர் ஆய்வை நடத்தியது. உயிர் மாய்க்க முயன்று மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 1,867 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு அதனுடன் ஒரு மணி நேர உரையாடலும், பின்னர் பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசி வாயிலாகவோ நேரிலோ நலம் விசாரிப்பும். 2008-இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 2.2 பேர் அக்காலத்திற்குள் தற்கொலையால் இறந்தனர். நலம் விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 பேரே இறந்தனர். ஒன்பது முறை கதவைத் தட்டி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதன் பயன் அது!

இதே வழியைத் தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம்களிலும் மேற்கொண்டனர். போரில் உற்றாரை இழந்து, ஊரை இழந்து வந்த மக்களிடையே வெளியார் சென்று பேசுவது எளிதன்று. ஆதலால் முகாமில் வாழ்வோரிடமிருந்தே தொண்டர்களைத் தேர்ந்து பயிற்சி அளித்தனர். அவர்கள் துயருற்றோரைத் தொடர்ந்து சந்தித்தனர். மனம் தளரும் வேளையில் தென்படும் அறிகுறி எது, அப்போது என்ன செய்யலாம், யாரை அழைக்கலாம் என்பவற்றைத் துயருற்றவரோடு சேர்ந்தே ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தனர். 2017-இல் வெளியான அவ்வாய்வு, அத்தொண்டு நடைபெற்ற முகாமில் தற்கொலைகளும் முயற்சிகளும் குறைந்ததைக் காட்டிற்று. துன்பத்தை அனுபவித்தவர்களே துன்புறுவோரின் மருத்துவர்களாயினர்.

அன்பார்ந்த வாசகர்களே, நம் திருச்சபையின் நிலையையும் இங்கே தெளிவாக்குதல் வேண்டும். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தம் உயிரை மாய்த்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-இல் வெளியான புதிய சட்டத் தொகுப்பில் அத்தடை இடம்பெறவில்லை. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், உயிர் இறைவனின் கொடை என்றும் அதைப் போக்கிக்கொள்ளல் ஆகாது என்றும் உறுதியாகக் கூறுகிறது. கூடவே, கடும் மனக்கலக்கமோ பேரச்சமோ ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், இத்தகையோரின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் அது கற்பிக்கிறது. இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட பின்னும், 'அந்த மாதிரிச் சாவு' என்று ஒதுக்கிப் பேசும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் உள்ளது. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கிய தடை நம் நாவிலிருந்து நீங்கவில்லை.

நாட்டின் சட்டமும் மாறியுள்ளது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிர் மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறிற்று. 2024 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவில், பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் முயற்சி மட்டுமே அதில் குற்றமாக உள்ளது. ஆகவே பிழைத்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி உரைக்கவும் இனி அஞ்ச வேண்டுவதில்லை.

கல்வராயன் மலையைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளிமலையிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுள் பலர் பிழைப்பிற்காக நெடுந்தொலைவு சென்று கூலி வேலை செய்கின்றனர். வீட்டில் முதியோரும் பிள்ளைகளும் தனித்திருக்கின்றனர். அவர்களின் துயரத்தை அளக்கவும் ஆற்றவும் வேண்டுமெனில் கீழ்நாட்டிலிருந்து ஒருவர் தாளும் எழுதுகோலுமாக மலையேறினால் போதாது. கணியம்பாடியிலும் அகதி முகாமிலும் நடந்ததுபோல், அவர்களுள் ஒருவரே அவர்கள் பேச்சில் கேட்க வேண்டும். அங்கே படித்து உயர்ந்த இளையோர் இன்று பலர் உள்ளனர். அவர்களுக்குப் பயிற்சி அளிப்பது அரசுக்கும் நம் மறைமாவட்டச் சமூகப் பணிக்கும் உகந்த செயலாகும்.

நம் பங்குகளில் செய்யத்தக்கவை சில உள்ளன. அன்பியக் கூட்டத்தில் இதை வெளிப்படையாகப் பேசலாம். பேசினால் அவ்வெண்ணம் பரவிவிடும் என்பது தவறான அச்சம். ஒருவர் மிகவும் சோர்ந்திருக்கக் கண்டால், சாகலாம் என்று தோன்றுகிறதா என்று அன்புடன் நேராகவே கேட்கலாம். அது எண்ணத்தை விதைக்காது, பாரத்தை இறக்கவே உதவும். விவசாயிகள் ஒன்றுகூடி, வீட்டுக்கு வெளியே பொதுவான காப்பறை அமைக்கக் கூட்டுறவுச் சங்கத்தையும் ஊராட்சியையும் அணுகலாம். அதுவரை தேவைக்கு மேல் மருந்து வாங்காதிருக்கலாம். முயன்று மீண்டவர் வீட்டுக்கு முறைவைத்து ஒன்பது முறையேனும் செல்லலாம். உறவை இழந்த குடும்பத்தினரிடம் காரணம் கேளாமல், இறந்தவரின் பெயரைச் சொல்லி அவரைப் பற்றி நல்லது பேசலாம்.

உதவி தேடுவோர் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில், கட்டணமின்றி, இரவும் பகலும் தமிழிலேயே அழைக்கலாம். தமிழக அரசின் 104 சேவையும், சினேகாவின் 044-24640050 எண்ணும் உள்ளன. இவ்விதழைப் படிக்கும் உங்களுள் எவரேனும் அத்தகைய இருளில் இருப்பின், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். மனைவியோ, அண்ணனோ, பங்குத் தந்தையோ, மருத்துவரோ, யாராயினும் சரி. சொல்வது வெட்கமன்று.

நவம்பர் 2-ஆம் நாள் இறந்த விசுவாசிகளை நினைவுகூரக் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்வோம் அன்றோ? மூலையில் ஒதுக்கப்பட்டு, எவரும் நின்று செபிக்கத் தயங்கும் கல்லறை ஒன்று அங்கே இருக்குமாயின், அதன்மேலும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம். திரும்பும் வழியில் அவர்தம் வீட்டுக்குச் சென்று, ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்து, சற்று நேரம் அமர்ந்திருந்து வருவோம்.